பூபதி வீட்டுச் சாரளங்கள்

சத்தியஜித் ராய் 1964இல் எடுத்த "சாருலதா"வைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், தம்மை முற்போக்காளர் எனக் கூறிக்கொள்வோர் சிலர் முகஞ் சுளிப்பதைக் காண்கின்றோம். பசித்த மக்கள் நிறைந்த நாட்டில், கல்கத்தாச் செல்வர் வீட்டுப் பெண்ணொருத்தியின் ஏக்கத்தைப் படமாக்குவானேன் என்பது அவர்கள் கேள்வி. எதிர்ப்புறத்தே தூய கலைவாதிகள் நிற்கின்றனர். இவர்களுக்கோ சாருவின் தனிமை காலமும் இடமும் கடந்த நித்திய சோகம். இரு சாராரும் செய்வது ஒரே தவறுதான். அத்தனிமை எங்கே, எவ்வாறு உண்டாயிற்று என எவருமே கேட்கவில்லை.

ராய் அதைத் திட்டவட்டமாகவே காட்டியிருக்கின்றார். தாகூரின் "நஷ்டநீட்" (சிதைந்த கூடு) 1901இல் வந்த குறுநாவல். ராய் அதன் கதையை 1879-80ஆம் ஆண்டுகளின் கல்கத்தாவிலே நிறுத்துகின்றார். 1878இல் லிட்டன் பிரபு கொணர்ந்த சுதேச மொழிப் பத்திரிகைச் சட்டம் வங்காளியில் எழுதுவோரின் வாயைக் கட்டியிருந்த காலம் அது. ஆங்கிலப் பத்திரிகைகளை அச்சட்டம் தீண்டவில்லை. பூபதி தன் வீட்டிலேயே அச்சடித்து நடத்தும் "சென்டினல்" ஆங்கிலப் பத்திரிகை. 1880இல் இங்கிலாந்திலே கிளாட்ஸ்டனின் லிபரல் கட்சி வென்றதைத் தன் மாளிகையில் விருந்து வைத்துக் கொண்டாடுகின்றான் அவன். பூபதி தீயவனல்லன். நேர்மையாளன்; மனைவியைக் கடிந்து பேசாதவன். அவனைக் கொடுமைக்காரக் கணவனாக்கியிருந்தால் எம் நண்பர்களுக்குப் படம் எளிதில் விளங்கியிருக்கும்!

பேச்சு அரிதாகவே கேட்கும் அந்த முதற் சில நிமிடங்களை நினைத்துப் பாருங்கள். கணவனின் பெயரெழுத்தைக் கைக்குட்டையிலே பின்னி முடித்த சாரு, நூலொன்றைத் தேடியெடுக்கின்றாள். பின்னர் பிடி வைத்த பார்வைக் கண்ணாடியுடன் சாரளத்துக்குச் சாரளம் ஓடித் தெருவைப் பார்க்கின்றாள். குரங்காட்டி போகின்றான், குடை பிடித்த பருத்த மனிதர் போகின்றார். உலகம் அவளுக்கு மரச்சட்டங்களின் இடுக்கிலே கிடைக்கின்றது. அப்போது புத்தகத்தில் ஆழ்ந்தபடி பூபதி அவளைக் கடந்து செல்கின்றான். அவள் நிற்பதைக் காணவில்லை. அவன் முதுகையும் அவள் அதே கண்ணாடியாலேயே பார்க்கின்றாள். கைக்குட்டையைப் பெற்றுக்கொண்டு, இதற்கெல்லாம் நேரம் எப்படிக் கிடைக்கிறது என வியக்கும் கணவனுக்கு, தனக்கு நேரத்துக்கா குறை என்கிறாள் அவள். வேலையாட்கள் நிறைந்த வீட்டில் அவளிடம் மிஞ்சிக் கிடப்பது நேரம் ஒன்றே. அந்த ஓய்வு வர்க்கம் கொடுத்தது. அதைப் பயன்படுத்த வழியில்லாமற் செய்தது குடும்பம். இதனினும் வேறு என்ன சமூக விமர்சனம் வேண்டும்?

அவள் தனித்திருப்பதைப் பூபதி உணராமலில்லை. உணர்ந்ததும் ஆள் நியமிக்கின்றான்! முதலில் மைத்துனன் மனைவி மந்தா. பிறகு உறவுமுறைத் தம்பி அமல். சாருவின் எழுத்தார்வத்தை வளர்க்கும் பொறுப்பு, அவளுக்குத் தெரியாமல், அமலிடம் ஒப்படைக்கப்படுகின்றது. பத்திரிகையின் கணக்கை மைத்துனனிடம் விட்டதுபோல மனைவியின் மனத்தைத் தம்பியிடம் விட்டான். இரண்டிலும் இழப்பு நேர்ந்தது.

அமல் எழுதுவது அணிகள் மலிந்த வெற்றெழுத்து. அத்தகைய அமல்களின் கட்டுரைகளை வாரந்தோறும் திருத்தும் எமக்கு அவன் புதியவனல்லன். சாருவோ தான் பிறந்த கிராமத்தை எழுதுகின்றாள், அது அச்சேறுகின்றது. அனுபவமே இலக்கியத்தின் ஊற்று என மேடைதோறும் முழங்கும் எம்மவர் இக்காட்சியை எவ்வாறு தவறவிட்டனர்? வங்காளத்தில் ராசசுந்தரி தேவி அடுக்களையில் மறைந்திருந்து எழுத்துக்கூட்டிப் படித்தவர். அவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வெளியிட்டது 1876இல். சாரு கற்பனைப் பாத்திரமாயினும் அவள் எழுதுகோல் சரித்திரத்தைச் சேர்ந்தது.

முகச்சுளிப்பின் காரணத்தையும் கூறிவிடுவோம். பூபதியும் அக்காலத்து முற்போக்காளனே. நாட்டின் விடுதலைக்காக நள்ளிரவுவரை தலையங்கம் எழுதுபவன். அவனைப் பார்க்கும்போது, கூட்டம் முடிந்து வீடு திரும்பி உணவை மட்டும் கேட்கும் தோழருக்குத் தம் முகம் தெரிகின்றது. அதைப் "பணக்கார வீட்டுச் சோகம்" என்று ஒதுக்குவது வசதியான காரியம்.

தாகூரை ராய் மாற்றிவிட்டார் என்று வங்காளத்திலேயே குற்றச்சாட்டு எழுந்தது. அவரும் எழுத்தில் விடையிறுத்தார். மூலத்தில் பூபதி மைசூருக்குப் புறப்படுகின்றான். தன்னையும் அழைத்துச் செல்லுமாறு சாரு கேட்கின்றாள். அவன் தயங்கிப் பின் இசைகையில், அவள் வேண்டாமென்கின்றாள். படத்திலே தயங்கிப் பின் வாசற்கதவைத் திறந்து உள்ளே அழைப்பவள் சாரு. வெளியே தயங்கி நிற்பவன் பூபதி. நீண்ட இரு கைகளும் தொடுமுன் காட்சி உறைந்துவிடுகின்றது. இதனைச் சமரசம் என்போர், அதற்குச் சற்று முன் கடற்கரையில் அவள் கூறிய யோசனையை மறந்துவிட்டனர்: புதிய பத்திரிகையொன்று தொடங்குவோம், ஆங்கிலத்தில் அரசியல் உமக்கு, வங்காளிப் பகுதி எனக்கு. பூபதியும் மகிழ்ந்து இசைந்தான். அமலின் கடிதமும் அவளது அழுகையும் அதன் பின்னரே வருகின்றன. அந்தப் பத்திரிகை வெளிவந்ததா என்பதைப் படம் சொல்லவில்லை.