திண்ணையில் ஒரு கேள்வி



ஒருநாள் மாலை செபத்திற்குப்பின், நம் பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒரு விவசாயி வந்து அமர்ந்தார். குச்சிக்கிழங்கு பயிரிடுபவர். ஒரு பருவம் மாவுப்பூச்சி பயிரை வாட்டிற்று. மறு ஆண்டு கழலை நோயில் கறவை மாடுகள் இரண்டும் மாண்டன. கடன் வாங்கித் தோண்டிய ஆழ்துளைக் கிணறோ வெறும் புழுதியைக் கக்கியது. “சாமி, செபம் சொல்றேனுங்க. கேக்கறவரு ஒருத்தரு இருக்காருன்னுதான் நம்ப முடியலீங்க. இந்த மனசோட கோயிலுக்கு வர்றது பொய்யில்லீங்களா?” என்றார்.

புனித தாமஸ் அக்குவினாஸ் இறைவன் உளர் என்பதற்கு ஐந்து வழிகளை வகுத்துள்ளார். குருமடத்தில் அவற்றை நாம் நெட்டுருச் செய்தவர்கள். அவற்றில் இரண்டை விளக்கியும்விட்டோம். அவர் மரியாதையாகத் தலையசைத்தார். அவர் கேட்டது அதுவன்று என்பது நமக்குத் தாமதமாகவே விளங்கிற்று.

பிறகு நீலகண்ட பிள்ளையின் வரலாற்றைக் கூறினோம். 1712-இல் நட்டாலத்தில் பிறந்தவர். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். அவருக்கும் மாடுகள் மாண்டன; விளைச்சல் பொய்த்தது. வழிபாட்டில் குறைவைக்காதவர்; ஆயினும் மனம் சோர்ந்தார். அந்த வாட்டத்தைக் கண்டு கேட்டவர் டிலனாய் என்னும் படைத்தலைவர். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் வென்ற மன்னருக்கே பணிசெய்து வந்தவர். குருவானவர் அல்லர். இழப்பு இன்னதென்று அறிந்த ஒருவர் வாயிலிருந்து யோபுவின் கதை வந்தது என்பதை நாம் முக்கியமாகக் கருதுகிறோம்.

ஏழாயிரம் ஆடுகள், மூவாயிரம் ஒட்டகங்கள், ஐந்நூறு ஏர்மாடுகள், பத்து மக்கள். அனைத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்தவர் யோபு. ‘ஏன்?’ என்ற அவருடைய கேள்விக்கு அந்நூலின் 42 அதிகாரங்களிலும் நேரான விடை கிடையாது. ‘உன் பாவமே காரணம்’ என்று அடுக்கடுக்காய் விளக்கிய நண்பர்களையே இறைவன் முடிவில் கடிந்துகொள்கிறார். முறையிட்ட யோபுவையோ தம் ஊழியன் என்கிறார்.

நீலகண்டர் கேட்டார், வினவினார், மறைபயின்றார். டிலனாய் அவரை வடக்கன்குளத்திலிருந்த பூத்தாரி சுவாமிகளிடம் அனுப்பினார். 1745 மே 14-இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதனால் துன்பம் தீர்ந்ததா? 1749-இல் சிறைப்பட்டார், ஏறக்குறைய மூன்றாண்டுகள் வதைக்கப்பட்டார், 1752 சனவரி 14-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாட்டுக்காகக் கலங்கிய அதே மனிதர், உயிரைக் கேட்டபோது பின்வாங்கவில்லை. 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நம் சேலம் சீமையிலும் இவ்வழி புதிதன்று. 1623-இல் மதுரையிலிருந்து சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்த தத்துவபோதகர் சுவாமிகள், கேள்வியோடு வந்தவர்களோடு பொறுமையாய் உரையாடியவர்தாம்.

“பொய்யில்லீங்களா?” என்றவருக்கு நாம் சொன்னது இதுவே: “இல்லை ஐயா. மாற்கு ஒன்பதாம் அதிகாரத்துத் தகப்பன், நம்பிக்கையையும் நம்பிக்கையின்மையையும் ஒரே மூச்சில் ஆண்டவரிடம் சொன்னவன். ஆண்டவர் அவன் மகனைக் குணமாக்கினார். ஐயம் அறவே நீங்கியவர்தான் வரலாம் என்றால் பீடத்தருகே நிற்க ஆளிராது, நம்மையும் சேர்த்துத்தான்.” நம்மிடமிருந்த விவிலியத்தில் யோபு ஆகமத்தை மடித்துக் கொடுத்தனுப்பினோம். கிணற்றுக் கடனைப்பற்றி வின்சென்ட் தே பவுல் சபையாரிடமும் சொல்லியிருக்கிறோம். யோபுவை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டால் போதுமா?

சென்ற ஞாயிறு அவர் பின்வாசலருகே நின்றார். நற்கருணை வாங்க வரவில்லை. திருப்பலி முடிந்ததும் அருகே வந்து, “அந்த மூணு சேக்காளிங்க பேசறது நம்ம ஊரு சனங்க பேசறாப்பலயே இருக்குதுங்க, சாமி” என்றார். இருபதாம் அதிகாரம்வரை வந்திருக்கிறாராம்.