மூடிக்குள் ஒரு வளையம்



மழைக்காலம் தொடங்கிவிட்டால் மும்பையில் வாழும் நம் இல்லங்களில் இரண்டு குறைகள் தவறாமல் எழும். துணி காயவில்லை என்பது ஒன்று. டப்பாவில் பூசணம் பூத்துவிட்டது என்பது மற்றொன்று. முதற் குறை தீர வெயில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். இரண்டாவது குறை நம் கையாலேயே தீரக்கூடியது. ஆகவே இம்மாதம் அதனை எடுத்துக்கொள்வோம்.

டப்பாவில் பூசணம் என்று சொல்கிறோமே தவிர, வழவழப்பான எவர்சில்வரிலும் கண்ணாடியிலும் அது எளிதில் தங்குவதில்லை. மூடியின் உட்புறத்தில், விளிம்பை ஒட்டிய பள்ளத்தில், குழம்பு ஒழுகாதபடி ஒரு மெல்லிய வளையம் பதித்திருக்கிறார்கள் அல்லவா? அதன் அடியில்தான் பெரும்பாலும் தங்குகிறது. நாள்தோறும் டப்பாவைத் துலக்குகிறோம், மூடியையும் துலக்குகிறோம், வளையத்தைக் கழற்றுவோர் சிலரே. அது கழற்றக்கூடியது என்பதையே அறியாத இல்லங்களும் உண்டு. என்றேனும் ஒரு நாள் அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கையில் கரும்புள்ளிகளும் வழுவழுப்பும் பழைய குழம்பின் வாடையும் இருக்கக் கண்டு திகைக்கிறார்கள்.

நம் பாட்டிமார் காலத்தில் இத்தொல்லை இல்லை. ஊறுகாய் ஜாடியின் வாயை வெள்ளைத் துணியால் வேடு கட்டி வைத்தார்கள். அத்துணியை அவ்வப்போது அவிழ்த்துத் துவைத்து உலர்த்தி மீண்டும் கட்டினார்கள். பயணத்துக்கு எடுத்துச் சென்ற அடுக்கிலும் தூக்கிலும் உலோகத்தின் மேல் உலோகமே பொருந்தியிருந்தது. சாம்பலும் புளியும் இட்டுத் துலக்கும்போது மூடியும் சேர்ந்தே தூய்மையாயிற்று. மூடிக்குள் ரப்பர் வளையம் என்பது பின்னர் வந்த வசதி. கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதிப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1844-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ஜான் மேசன் என்பவர் 1858-இல் திருகுமூடியுடைய கண்ணாடி ஜாடிக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வகை ஜாடிகளில் பழங்களையும் காய்களையும் கெடாமல் அடைத்து வைக்க ரப்பர் வளையம் துணை செய்தது. இன்று நம் சமையலறையில் உள்ள டப்பாக்களில் பெரும்பாலும் சிலிகான் வளையம் இருக்கிறது. வேடு கட்டிய துணியைத் தனியே துவைத்த பழக்கம் மட்டும் புதிய வளையத்துக்கு வந்து சேரவில்லை. தொல்லையின் வேர் இதுவே.

பூசணத்தின் நுண்வித்துக்கள் காற்றில் எங்கும் மிதந்துகொண்டிருக்கின்றன. அவற்றை வீட்டுக்குள் வராமல் தடுக்க எவராலும் இயலாது. அவை முளைப்பதற்கு ஈரம் வேண்டும், சிறிது உணவு வேண்டும், எவரும் தொடாத நேரம் வேண்டும். வளையத்தின் அடியில் இம்மூன்றும் அமைந்துவிடுகின்றன. சாம்பாரின் எண்ணெயும் தயிர்ச்சோற்றின் பசையும் அப்பள்ளத்தில் ஒட்டிக்கொள்கின்றன. துலக்கிய நீர் அங்கே தேங்குகிறது. ஈரத்தோடு மூடியைப் பொருத்தி அலமாரியில் வைத்துவிட்டால், காற்றுப் புகாமல் காக்க வேண்டிய வளையம் ஈரம் வெளியேறாமலும் காத்து நிற்கிறது.

மும்பையின் பருவமும் இதற்குத் துணை. சென்னையிலும் சோழ மண்டலக் கரையிலும் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும். இங்கோ ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையில் கொட்டித் தீர்க்கிறது. ஊரில் ஆடி மாதத்தில் முற்றத்தில் கவிழ்த்து வைத்த பாத்திரம் சிறிது நேரத்திற்குள் காய்ந்துவிடும். அதே ஆடியில் மாதுங்காவிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் ஒரு பகல் முழுவதும் கவிழ்த்து வைத்தாலும் விளிம்பில் ஈரம் நிற்கும். ஊரிலிருந்து புதிதாக வந்து முதல் மழைக்காலத்தைக் காணும் குடும்பங்கள் இவ்வேறுபாட்டை அறிந்துகொள்ளுதல் நன்று.

மற்றொரு காரணம் நம் வேலை நேரம். பகல் ஒரு மணிக்கு உண்டு முடித்த டப்பாவை அப்படியே மூடிப் பையில் வைத்துக்கொண்டு, இரயில் நெரிசலில் நின்று, இரவு எட்டு ஒன்பது மணிக்கு வீடு திரும்புவோர் பலர். ஏழெட்டு மணி நேரம் எச்சில் ஈரமும் எண்ணெயும் மூடிக்குள் வெதுவெதுப்பாகக் கிடக்கின்றன. பின்னர் அவசரமாகத் துலக்கி, மறுநாள் காலைக்காக உடனே மூடி வைக்கிறோம். வளையம் உலரும் நேரம் ஒரு நாளில் ஒரு நாழிகைகூடக் கிடைப்பதில்லை.

சிறிது பூசணத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்போர் உண்டு. உடல்நலமுள்ள ஒருவருக்கு ஒரு நாளில் பெருந்தீங்கு நேராமற் போகலாம். ஆனால் ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உடையவர்க்கு அதன் வித்துக்கள் மூச்சில் புகுந்தால் தொல்லை தரும். நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்க்கு ஆபத்து அதிகம். ஆகவே கெட்டதா என்றறிய மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுக.

உணவிலேயே பூத்த பூசணம் இன்னும் கொடியது. 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் வான்கோழிகள் மாண்டன. காரணத்தை ஆராய்ந்தபோது, அவற்றுக்குத் தீனியாக இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூசணம் உண்டாக்கிய நஞ்சு இருந்தது தெரிந்தது. அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். அது ஈரலைத் தாக்குவது. 1974-இல் நம் நாட்டிலேயே, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும் இராஜஸ்தானத்தின் பன்ஸ்வாராவிலும், பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட ஏழை மக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் நோயால் உயிர் துறந்தனர். சாதாரணச் சமையற் சூட்டால் இந்நஞ்சு அழிவதில்லை. வறுத்தாலும் முற்றும் நீங்குவதில்லை. வளையத்தில் காணும் கரும்புள்ளி ஒவ்வொன்றும் இந்நஞ்சு என்று நாம் கூறவில்லை. எது எவ்வகைப் பூசணம் என்று கண்ணால் பிரித்தறிய இயலாது என்பதே நாம் சொல்ல வந்தது. நிலக்கடலை, மிளகாய், கொப்பரை ஆகியவற்றில் இந்நஞ்சு தோன்றக்கூடும் என்பதையும் மறத்தலாகாது. நாம் டப்பாக்களில் அடைத்து வைக்கும் பொடிகள் இவற்றால் ஆனவையே.

அன்னையோ மாமியாரோ வெயிலில் நின்று உலர்த்தி, இடித்து, இரயிலில் வருவோர் கையில் கொடுத்தனுப்பிய பொடியைக் கொட்ட மனம் வருவதில்லை. அது இயல்பே. ஆயினும் பொடி கட்டிதட்டிப் பூசண வாடை வீசினால், மேலாக எடுத்துவிட்டு மீதியைப் புழங்குதல் தகாது. பூசணத்தின் இழைகள் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு அப்பாலும் பரவியிருக்கும். அத்தனை உழைப்பில் வந்த பண்டத்தைக் காக்க வேண்டுமாயின், அதை நிரப்புவதற்கு முன்னரே வளையத்தைக் கவனிக்க வேண்டும்.

இனிச் செய்முறையைக் காண்போம்.

முதலில் வளையத்தைக் கழற்றுக. தேக்கரண்டியின் காம்பு அல்லது ஐஸ்கிரீம் குச்சி கொண்டு ஓரிடத்தில் நெம்பினால் எளிதில் வந்துவிடும். கத்தியோ ஊசியோ வேண்டாம். கீறல் விழுந்தால் அக்கீறலே நாளைப் பூசணத்துக்கு இடமாகும்.

இரண்டாவதாக, பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைத்த வெந்நீரில் வளையத்தையும் மூடியையும் கால் மணி நேரம் ஊறவிடுக. பிறகு பழைய பல்துலக்கும் பிரஷினால் வளையத்தின் இருபுறமும், மூடியின் பள்ளமும் நன்கு தேய்த்துக் கழுவுக. எண்ணெய்ப் பசை போகாதவரையில் எந்த மருந்தும் பூசணத்தைச் சென்றடையாது. எனவே எல்லாவற்றிலும் முதன்மையானது இத்தேய்ப்பே. கம்பி நார் வேண்டாம். இதற்கென ஒதுக்கிய பிரஷை வேறெதற்கும் பயன்படுத்தலாகாது.

மூன்றாவதாக, சிலிகான் வளையமாயின் கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் இட்டு எடுக்கலாம். சிலிகான் அச்சூட்டைத் தாங்கும். மூடி பிளாஸ்டிக்காயின் அதைக் கொதிநீரில் இடலாகாது, வளைந்துவிடும். வளையம் எப்பொருளால் ஆனது என்று தெரியாவிடில் டப்பாவுடன் வந்த குறிப்பைப் பார்த்துச் செய்க.

கொதிநீர் தாங்காத வளையத்துக்கு, பிளீச் என்று கடைகளில் விற்கும் மணமற்ற வெளுப்புத் திரவத்தைப் பயன்படுத்தலாம். ஒரு லிட்டர் குளிர்ந்த நீருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல் கலந்து, முன்னரே கழுவிய வளையத்தைப் பத்து நிமிடம் இட்டு, பின்னர் நல்ல நீரில் பலமுறை அலசுக. எவர்சில்வர்ப் பாத்திரத்தில் இதைக் கலக்கலாகாது, உலோகம் அரிக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. வெளுப்புத் திரவத்தோடு வினிகர், எலுமிச்சை, கழிவறை கழுவும் அமிலம் முதலிய புளிப்புப் பொருள் எதுவும் சேர்தல் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைத் தாக்கும். அம்மோனியா கலந்த பொருளோடு சேர்ந்தாலும் நச்சு வாயுவே உண்டாகும். சன்னல் திறந்திருக்கட்டும், குழந்தைகள் அருகில் இராதிருக்கட்டும்.

வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கொட்டினால் நுரை பொங்கும். அப்பொங்கலைக் கண்டு அழுக்கு நீங்கிவிட்டதாகப் பலர் மகிழ்கிறார்கள். உண்மையில் ஒன்றன் வலிமையை மற்றொன்று போக்கிவிடுகிறது. எஞ்சுவது உப்புக் கரைந்த நீர் போன்றதே. சோடாவைத் தனியே குழைத்துத் தேய்க்கலாம்; வாடை போக வினிகரில் தனியே ஊறவிடலாம். இரண்டையும் சேர்ப்பதால் பயனில்லை.

நான்காவதாக, உலர்த்துக. சுத்தமான துணியால் வளையத்தையும் பள்ளத்தையும் துடைத்து, மின்விசிறியின் அடியில் இரவு முழுதும் தனித்தனியே வைத்திடுக. கைக்கு ஈரம் தெரியாத பின்னரே பொருத்துக. இரண்டு டப்பாக்களை வைத்துக்கொண்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றி எடுத்துச் சென்றால் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முழு நாள் ஓய்வு கிடைக்கும். ஒரே அறையில் நால்வர் ஐவராகத் தங்கிப் பணிபுரியும் இளைஞர்க்கும் இது எளிய வழி.

மஞ்சள் நிறக் கறையைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது மஞ்சள்தூளின் சாயம். சிறிது நேரம் வெயில் பட்டால் மங்கும். கரும்புள்ளி வேறு. பூசணம் அழிந்த பின்னும் சிலிகானில் அதன் நிறம் தங்கிவிடுவதுண்டு. ஆனால் கொதிநீரில் இட்ட பிறகும் சில நாட்களில் புள்ளிகள் பெருகினாலும், வாடை நீங்காவிடினும், வளையம் பிசுபிசுத்தாலோ வெடித்தாலோ தளர்ந்தாலோ, அதை எறிந்துவிட வேண்டியதுதான். மாற்று வளையம் கடையில் கிடைத்தால் வாங்குக. கிடைக்காவிடில் அந்த டப்பா பொத்தானும் நூற்கண்டும் போட்டு வைக்க உதவும். புதிதாக வாங்கும்போது வளையம் கழன்று வருகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குவது சிறந்தது.

குக்கரின் ரப்பர் வளையத்துக்கும் இவ்விதி பொருந்தும். சமைத்த பின் கழற்றி, கழுவி, துடைத்து, ஆணியில் தொங்கவிடுக. மூடியில் பொருத்தி இறுக மூடி வைத்தல் தவறு. அது இறுகிப்போய் ஓரத்தில் ஆவி கசியத் தொடங்கினால் மாற்றிவிடுக.

அலுவலகம் செல்வோர் உண்டவுடன் டப்பாவில் சிறிது நீர் ஊற்றி அலசி, மூடியைத் துடைத்து, தளர்வாக மூடி எடுத்து வரலாம். இரண்டு நிமிட வேலை. வீட்டில் உள்ளோர் வெற்று டப்பாக்களை மூடியைத் திறந்தே அடுக்கி வைக்கலாம். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், எல்லா வளையங்களையும் கழற்றி ஒரே பாத்திரத்தில் ஊறவைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். எந்த வளையம் எந்த மூடிக்கு உரியது என்று தேடிப் பொருத்துவது அவர்களுக்கு விளையாட்டாகவும் இருக்கும்.

இந்த இதழ் கைக்கு வந்ததும், நாளைக் காலை சோறு கட்டவிருக்கும் டப்பாவின் வளையத்தை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அடுத்த இதழில் மழைக்காலத்தில் அரிசியும் பருப்பும் வண்டு பிடியாமல் காக்கும் வழிகளைக் காண்போம்.