அடித்தால் ஒரு சட்டம்... மிரட்டினால் ஒரு சட்டம்! பி.எல்.ஓ.க்களை காப்பது யார்?

சென்னை:
காலையில் அங்கன்வாடி, பள்ளிக்கூடம். மாலையில் கையில் படிவக் கட்டோடு தெருத்தெருவாக அலைச்சல். கதவைத் தட்டினால், "என் பேரை ஏன் தூக்குனீங்க?" என்று ஏச்சு. இதுதான் பி.எல்.ஓ. எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களின் பொழப்பு.

2025 நவம்பர் 4-ந் தேதி தமிழகம் உள்பட 12 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தம் (எஸ்.ஐ.ஆர்.) தொடங்கியது. தமிழகத்தில் மட்டும் 68 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பி.எல்.ஓ.க்கள் களத்தில் இறக்கப்பட்டனர். பூட்டிய வீடு என்றால் 3 முறை போக வேண்டும்.

பேரை சேர்ப்பதும் நீக்குவதும் பி.எல்.ஓ. கையில் இல்லை. முடிவு எடுப்பவர் வாக்காளர் பதிவு அதிகாரி. ஆனால் திட்டு வாங்குவது வாசலில் நிற்பவர்தானே!

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டப்படி, வாக்காளர் பட்டியலை தயாரிக்கவோ திருத்தவோ அதிகாரம் பெற்ற பொறுப்பில் இருப்பவரும் பொது ஊழியர்தான். சம்பளம் குறைவோ, வேலை தற்காலிகமோ, அது வேறு கணக்கு.

பணியில் இருக்கும் ஊழியரைத் தடுக்க பிடித்துத் தள்ளினாலோ, கை ஓங்கினாலோ 132-வது பிரிவு பாயும். 2 ஆண்டு வரை சிறை. ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு. காயப்படுத்தினால் 121-வது பிரிவில் 5 ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை உள்ளே போக வேண்டியதுதான்.

எங்கே ஓட்டை?

கை வைக்காமல் வாயால் மிரட்டினால்? அதற்கு 224-வது பிரிவு. இதற்கும் 2 ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் இந்தப் பிரிவில் மட்டும் புகார் என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. "நீ இந்தத் தெருவுலதானே குடியிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போகிறவனுக்கு இது வசதி. ஆபத்து பெரும்பாலும் இந்த ரூபத்தில்தான் வருகிறது.

மறுபக்கம், 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவ சட்டத்தின் 32-வது பிரிவு. நியாயமான காரணம் இல்லாமல் பட்டியல் வேலையில் தவறினால் அந்த ஊழியருக்கே குறைந்தபட்சம் 3 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு சிறை! மிரட்டியவனுக்கு குறைந்தபட்ச தண்டனை கிடையாது. மிரட்டப்பட்டவருக்கு உண்டு. தேர்தல் கமிஷன் அல்லது தலைமை தேர்தல் அதிகாரி தரப்பில் புகார் வந்தால்தான் கோர்ட்டு இதை விசாரிக்கும் என்பது மட்டுமே ஆறுதல்.

சுப்ரீம் கோர்ட்டு தலையீடு

உத்தரபிரதேச மாநிலம் நொய்டாவில் இந்தப் பிரிவில் பி.எல்.ஓ.க்கள் பலர் மீது 2025 நவம்பரில் வழக்கு பாய்ந்தது. இது பற்றி தமிழக வெற்றிக் கழகம் சுப்ரீம் கோர்ட்டு படியேறியது. டிசம்பர் 4-ந் தேதி கோர்ட்டு, கூடுதல் ஆட்களைப் போட்டு வேலைப்பளுவைக் குறைக்கும்படி மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. தக்க காரணத்தோடு விலக்கு கேட்பவர்களின் மனுவை தனித்தனியாக பரிசீலிக்கவும் சொன்னது.

மேற்கு வங்காளத்தில் பி.எல்.ஓ.க்கள் மிரட்டப்படுவதாக வந்த வழக்கில், டிசம்பர் 9-ந் தேதி தலைமை நீதிபதி சூர்ய காந்த் அமர்வு, இதை லேசாக விடக்கூடாது, ஒத்துழைப்பு கிடைக்காவிட்டால் எங்களிடம் வாருங்கள் என்று தேர்தல் கமிஷனிடம் கூறியது.

புகாரை யார் கொடுப்பது?

பட்டியல் வேலையில் இருக்கும் காலத்தில் இந்த ஊழியர்கள் தேர்தல் கமிஷனின் பணியாளர்களாகவே கருதப்படுகிறார்கள். அப்படியானால் போலீஸ் நிலையத்தில் புகாரோடு நிற்க வேண்டியது யார்? அதே தெருவில் நாளைக்கும் நடக்க வேண்டிய அங்கன்வாடி அம்மாவா, அவரை அனுப்பிய அதிகாரியா?

மிரட்டல் வந்தால் அன்றைக்கே எழுத்துப்பூர்வமாக வாக்காளர் பதிவு அதிகாரிக்கு தெரிவிப்பது நல்லது. தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாம் அதில் இருக்கட்டும். பின்னால் 'வேலை செய்யவில்லை' என்று நோட்டீஸ் வந்தால், நியாயமான காரணம் இருந்தது என்று காட்ட அந்தக் காகிதம்தான் கைகொடுக்கும்.