பாறையைப் பெயர்க்கும் நால்வர்

சென்னைக் கடற்கரைக்குச் சென்று மீண்ட எம்மவர் பலர் அங்கே உழைப்பாளர் சிலையைக் கண்டிருப்பர். நால்வர் ஒரு பெரும் பாறையைப் பெயர்க்க முனைகின்றனர். முதுகுகள் வளைந்துள்ளன, தசைகள் முறுகியுள்ளன. பாறை இன்னும் அசைந்திலது. அசையாது விடோம் என்னும் உறுதியே அவ்வெண்கலத்தின் உயிர்நிலை.

1959 ஜனவரி 25 இல் திறந்து வைக்கப்பட்ட அச்சிலையை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899 இல் வங்காளத்து ரங்பூர்ப் பகுதியிற் பிறந்து, அவனீந்திரநாத தாகூரிடம் ஓவியம் பயின்றவர். 1929 இல் சென்னை அரசினர் கலைப்பள்ளிக்கு வந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டு அங்கே பணியாற்றினார். சிற்பி தனபால் போன்றோர் அவரிடம் பயின்றவரே. மல்யுத்தமும் பழகிய அவர், உடல் வருந்துவது எத்தகையதென அறிந்திருந்தார். 1975 இல் மறைந்தார்.

ஆங்கிலேயர் ஆட்சியிலே சென்னைக்கு வந்த வெண்கலச் சிலை தேசாதிபதி மன்றோவினது, 1839 இல் நிறுவப்பட்டது, குதிரைமீது அமர்ந்தது. ராய் சௌத்ரியோ, தம் கலைப்பள்ளிக் காவலாளி ஒருவரையே உழைப்பாளர் சிலைக்கு மாதிரியாக நிறுத்தினார் என்பர். சிலையில் நிற்கும் நால்வருக்கும் பெயரில்லை. அதுவே அதன் பெருமை.

இதனை இங்கு நாம் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஆறில்லாத எமது குடாநாட்டிலே, செம்மண்ணின் கீழ்க் கிடப்பது சுண்ணக்கல். அலவாங்கும் சம்மட்டியும் கொண்டு அக்கல்லைப் பிளந்து கிணறு கண்டதனாலன்றோ உரும்பிராயிலும் நீர்வேலியிலும் புகையிலையும் வெங்காயமும் விளைந்தன? அந்த விளைச்சலன்றோ எம்முட் பலரைப் படிக்க வைத்து, வைத்தியராகவும் நியாயவாதியாகவும் ஆக்கியது? காணி உடையவர் பெயர் உறுதியில் இருக்கின்றது. கிணறு வெட்டியவன் பெயர் எங்கே இருக்கின்றது? அவன் வெட்டிய கிணற்றிலேயே அவனைத் தண்ணீர் அள்ள விடாத காலமும் இங்கு இருந்ததை நாம் மறைத்தல் தகாது.

எமது சந்திகளிலே தலைவர்க்கும் புலவர்க்கும் சிலைகள் எழுந்துள்ளன, அவை வேண்டியவையே. இனி எழும் சிலை கல்லுடைத்த கைகளுக்கு எழுக. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்திரம் பயிலும் இளைஞர் அதனை வடிக்கட்டும். முகத்தைத் தோட்டத்திலே தேடட்டும். பிரதேச சபைகள் இதனைச் சிந்திக்குமா?

சிலை கூலிக்கு ஈடாகாது. விளைபொருளின் நியாய விலைக்கும் ஈடாகாது. அவற்றை நாம் தொடர்ந்து கேட்போம். ஆயினும் யாரை வெண்கலத்தில் வார்க்கின்றோம் என்பதைக் கொண்டே, யாரை மனிதராக மதித்தோம் என்பதை எம் பின்னோர் அறிவர்.