ஸ்பெஷல் க்யூ

திருத்தணி முருகனைப் பார்க்க 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. 2018 ஜூலையில் ஒருநாள் அத்தனையும் ஏறி, மூச்சு வாங்க ஸ்பெஷல் தரிசன டிக்கெட் எடுத்தேன். என்கூடவே படியேறிய மஞ்சள் வேட்டிக்காரர் தர்ம தரிசனத்தில் நின்றார். நான் உள்ளே நுழையும்போது அவர் விபூதியோடு வெளியே வந்துகொண்டிருந்தார். கோயிலைக் குற்றம் சொல்ல மாட்டேன். ரயில்வே கவுன்டரிலும் நான் நிற்கிற க்யூதான் நகராது. ராசி அப்படி.

கீழே இறங்கினால் அக்கா பையனிடமிருந்து போன். அங்கே பஜாரில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் அவன்தான் கம்ப்யூட்டர் ஆள்.

"மாமா, கொஞ்சம் கடைக்கு வந்துட்டுப் போங்க. வேலை போயிடும்போல இருக்கு."

போனேன். முதலாளி எல்லைப்பக்கத்து மனிதர். கணக்கு தெலுங்கில், கோபம் தமிழில். "வாங்க சார், உங்க மருமகன் கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டர் வெச்சிருக்கான். ரெண்டும் ஓட மாட்டேங்குது!"

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. விர்ச்சுவல் மெஷின் என்பது அதுதான். ஒரே வீட்டில் தடுப்புப் போட்டு மூன்று குடித்தனம் வைப்பதுபோல. ஒவ்வொருவரும் தனி வீடு என்றே நினைத்துக்கொள்ளலாம், ஆனால் தெருவாசல் ஒன்றுதான். அந்த வாசல், நெட்வொர்க் கார்டு. கடையின் பில், ஸ்டாக், கணக்கு எல்லாம் அப்படி ஒரு குடித்தனத்தில். ஒரு பில் போட்டால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. 20-ம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன். தப்பினால் நாளுக்கு 50 ரூபாய்.

வேகம் போதவில்லை என்று இன்டர்நெட் பிளானை இரண்டு தடவை உயர்த்தியாகிவிட்டது. அதில் ஆயிரம் ரூபாய் பையன் சம்பளத்தில் பிடித்தமும் ஆகிவிட்டது. பில் கவுன்டரும் சர்வரும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. ஹாலிலிருந்து சமையலறைக்குப் போக நேரமாகிறது என்று யாராவது தெருவுக்குத் தார் போடுவார்களா?

கவுன்டரிலிருந்து 250 எம்.பி. ஃபைல் ஒன்றைப் பெரிய மெஷினுக்கே காப்பி பண்ணச் சொன்னேன். மூன்று செகண்ட். அதே ஃபைலை உள்ளே இருக்கும் விர்ச்சுவல் மெஷினுக்கு. டீ வந்தது, குடித்தோம், கிளாஸை எடுத்துப் போனார்கள், பாதிதான் ஆகியிருந்தது. 'பிங்' போட்டால் பெரிய மெஷின் ஒரு மில்லிசெகண்டுக்குள் பதில் சொன்னது. குடித்தனக்காரர் 30, 80, 15 என்று மனம்போனபடி.

ஆக வயர் சரி, ஸ்விட்ச் சரி. கோளாறு வாசலுக்கும் குடித்தனத்துக்கும் நடுவே.

கார்டின் செட்டிங்ஸைத் திறந்தால் அங்கே நிற்கிறது ஸ்பெஷல் க்யூ! 'விர்ச்சுவல் மெஷின் க்யூ', சுருக்கமாக வி.எம்.க்யூ. வருகிற டேட்டாவை எந்தக் குடித்தனத்துக்கு என்று கார்டே பிரித்துத் தனித்தனி வரிசையில் விடும் ஏற்பாடு. வேலை ஒரே பிராசஸர் தலையில் விழாது. 10 கிகாபிட் கார்டுக்கு அருமையான யோசனை. இந்தக் கடையில் இருந்ததோ 1 கிகாபிட். அந்த வேகத்துக்குத் தனி வரிசையே தேவையில்லை. போதாததற்கு, அந்த ஜாதிக் கார்டுகளின் பழைய டிரைவரோடு இது சேர்ந்தால் ஹைப்பர்-வியில் விர்ச்சுவல் மெஷின்கள் தவழும் என்று விண்டோஸ் சர்வர் 2012 காலத்திலேயே மைக்ரோசாஃப்ட் எழுதி வைத்திருந்தது. மருந்தும் அதிலேயே: புது டிரைவர் போடு, இல்லையேல் வி.எம்.க்யூவை அணை.

"ரெண்டையும் பண்ணிடட்டுமா மாமா?"

"ஒண்ணை மட்டும் பண்ணு. ரெண்டையும் பண்ணினா எதில குணமாச்சுன்னு தெரியாது."

க்யூவை அணைத்தான். கனெக்ஷன் ஒரு நொடி போய் வந்தது. அதே ஃபைல், மூன்று செகண்ட். பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

உங்கள் ஆபீஸிலும் இப்படி என்றால் உடனே வி.எம்.க்யூவை அணைக்காதீர்கள். விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்திருக்கும் கார்டு பழைய மாடலைப்போல் நடிக்கிற வகையாக இருந்தாலும் இழுக்கும். முதலில் வெளியே அளங்கள், பிறகு உள்ளே. எந்தப் படியில் கால் இடறுகிறது என்று தெரிந்தபிறகு கையை வையுங்கள்.

முதலாளி ஒரு பில் போட்டுப் பார்த்தார். சட்டென்று வந்தது. பையனைத் தட்டிக்கொடுப்பார் என்று நினைத்தேன்.

"ஒரு டிக்கை எடுக்கிறதுக்கா இத்தனை நாள்?" என்றார்.

பிடித்த ஆயிரம்? வந்தது. தீபாவளிக்கு, போனஸ் என்ற பெயரில்.