ஒரு கட்டி, இரண்டு சீட்டு

சென்ற மாதம் சீயமங்கலத்துக்குப் போயிருந்தேன். செஞ்சிக்கு வடக்கே, தேசூருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர். மகேந்திரவர்ம பல்லவன் குன்றைக் குடைந்து எடுப்பித்த கோயிலைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் அங்கே போவார்கள். நான் போனது சின்னம்மாவைப் பார்க்க.

காபி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"பத்திரிகையிலே எழுதறியே தம்பி, இதைப் படிச்சுச் சொல்லு. இதிலே எந்த டாக்டர் சொல்றது பொய்?"

சின்னம்மாவின் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு தைராய்டு கட்டி. மெல்லிய ஊசியைச் செருகி, செல்களை உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சோதித்திருக்கிறார்கள். முதல் சீட்டு, 'மூன்றாம் வகை. தீர்மானமாகச் சொல்ல இயலவில்லை' என்றது. அதே தகடுகளை வேறோர் இடத்தில் காட்டியபோது, 'இரண்டாம் வகை. சாதுவான கட்டி' என்று வந்துவிட்டது. இதற்கிடையில் ஓர் உறவினர், "எதுக்கு வம்பு? மொத்தமா எடுத்துடச் சொல்லுங்க" என்று யோசனை வேறு சொல்லியிருக்கிறார். யோசனைக்கு என்ன, காசா பணமா! சுரப்பியை முழுவதும் எடுத்தால் ஆயுள் முழுவதும் மாத்திரை விழுங்க வேண்டும் என்பதும், குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது என்பதும் அவருக்குத் தெரியாது.

இரண்டு டாக்டர்களும் பொய் சொல்லவில்லை, சகோதரிகளே. இந்தக் கட்டிகள் ஆண்களைவிட நமது வீட்டுப் பெண்களுக்கே அதிகம் வருவதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்பங்கரையில் சரி. கட்டி அப்படி ஒரே சீராக வெந்த பானை அல்ல. ஊசி எந்த மூலையில் நுழைந்தது, வந்தது செல்லா வெறும் ரத்தமா, தகட்டில் தடவியது சரியாக உலர்ந்ததா என்று எத்தனையோ இருக்கின்றன. தைராய்டு புற்றுநோயில் அதிகமாகக் காணும் வகையில், செல்லின் உட்கருவில் காபிக்கொட்டையின் நடுக்கோடு மாதிரி ஒரு பள்ளம் தெரியும். ஆனால் சாதுவான கட்டியிலும் இரண்டொரு செல்லில் அந்தக் கோடு இருக்கலாம். எத்தனை இருந்தால் பயப்படுவது? அங்கேதான் ஒருவர் கண்ணுக்கும் இன்னொருவர் கண்ணுக்கும் வித்தியாசம் வருகிறது. கோயில் தூணில் பல்லவன் வெட்டி வைத்த எழுத்து மாதிரி அது ஆழமாகப் பதிந்த சங்கதி அல்ல.

இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் 2007-ல் அமெரிக்காவிலுள்ள பெத்தெஸ்டா நகரில் நிபுணர்கள் கூடி, ஆறு வகைகளாகப் பிரித்தார்கள். இரண்டாவது சாது, ஆறாவது புற்று. மூன்றாவதுதான் திண்டாட்டம். அந்த வகையில் சேர்த்த கட்டிகளில் நூற்றுக்கு 5 முதல் 15 வரை புற்றாக இருக்கலாம் என்று முதலில் கணித்தார்கள். 2023-ல் வந்த மூன்றாம் பதிப்பு, 13 முதல் 30 வரை, சராசரி 22 என்கிறது. அறுத்து எடுத்த கட்டிகளை வைத்துப் போட்ட கணக்கு இது. அதிகச் சந்தேகமுள்ளதைத்தானே அறுப்பார்கள்? ஆகவே உண்மை இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

கட்டியை முழுதாகக் கையில் வைத்துக்கொண்டுகூட நிபுணர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். உறைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும் ஒரு வகைக் கட்டியைப் பல வருஷங்களாகப் 'புற்று' என்றே எழுதி வந்தார்கள். 2016-ல் ஏழு நாடுகளைச் சேர்ந்த 24 நோய்க்குறி நிபுணர்கள் ஆராய்ந்து, அது புற்று அல்ல என்று பெயரையே மாற்றினார்கள். அதற்கு முன்னால் அந்தப் பெயரைக் கேட்டுத் தூக்கமிழந்த பெண்கள் எத்தனை பேரோ!

"அப்போ நான் என்ன செய்யட்டும்?" என்றாள் சின்னம்மா.

முதலில், அந்தக் கண்ணாடித் தகடுகளைப் பத்திரப்படுத்தச் சொன்னேன். காகிதத்தை மட்டும் கொண்டுபோனால் இன்னொரு டாக்டர் காகிதத்தைத்தான் படிக்க முடியும். வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற போதனா ஆஸ்பத்திரிகளில் தைராய்டு தகடுகளைப் பார்த்துப் பழகிய கண்கள் உண்டு. அடுத்தது ஸ்கேன் படம்: கட்டியின் ஓரம் ஒழுங்காக இருக்கிறதா, உள்ளே சுண்ணாம்புத் துகள் தெரிகிறதா என்று டாக்டரைக் கேட்கவேண்டும். பிறகு, மறுபடியும் ஒரு ஊசி. மூன்றாம் வகை என்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாம் முறையில் தெளிவான பதில் கிடைத்துவிடுகிறது. அப்போதும் சந்தேகம் தீராவிட்டால், ஒரு பாதியை மட்டும் எடுத்துச் சோதிப்பதும் உண்டு; அப்படிச் செய்துகொண்ட பலருக்கு மாத்திரையே வேண்டியிருப்பதில்லை. செல்லின் மரபணுவைச் சோதிக்கும் வழியும் வந்திருக்கிறது. அதற்கு ஆகும் செலவைக் கேட்டால் கழுத்து வலிக்கும்!

சின்னம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தகடுகளை ஒன்றோடொன்று உரசாமல் பஞ்சு வைத்துச் சுற்றி, பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்தாள்.

"டாக்டர்கிட்டே கேக்கறதுக்கு இதையெல்லாம் ஒரு தாள்லே எழுதிக் குடுத்துட்டுப் போ தம்பி. அங்கே போனா எனக்கு வாய் வராது" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். தை பிறந்ததும் இரண்டாவது ஊசி.