மரச்செருப்பைப் பார்த்துச் சிரிக்கலாமா?

ஒல்லாந்துக்காரர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காற்றாலை, டூலிப் பூ, பாலாடைக்கட்டி, பனைமர உயரம், காலில் படகு மாதிரி ஒரு மரச்செருப்பு. ஓட்டலில் அவரவர் பில்லை அவரவர் கொடுத்தால் அதற்கும் ‘டச்சு’ என்றே பெயர். 17-ஆம் நூற்றாண்டில் கடல் வாணிபத்தில் அவர்களோடு மல்லுக்கு நின்ற ஆங்கிலேயர் கட்டிவிட்ட கேலிகள் கொஞ்சநஞ்சமல்ல.

நாமும் சேர்ந்து சிரிக்குமுன் ஒரு கணக்கு இருக்கிறது. 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தவர்கள் இவர்கள்தான். அவர்களுடைய செப்புக்காசின் பெயர்தான் நம் வாயில் ‘துட்டு’ ஆனது. ‘கக்கூஸ்’ என்பதும் அவர்கள் சொல்லே. காசுக்கும் கக்கூஸுக்கும் கடன் வாங்கிவிட்டுச் செருப்பைக் கேலி செய்யலாமா? அதுவும் ராமரின் பாதுகையை அரியணையில் ஏற்றிய கதையைக் கேட்டு வளர்ந்த நாம்!

அவர்கள் நாட்டில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே. எங்கும் ஈரம், சேறு. வில்லோ, பாப்லர் மரத்தைக் குடைந்து செய்த செருப்பில் கால் நனையாது. மாடு மிதித்தாலும் விரல் தப்பும். இன்று பெரும்பாலோர் சாதாரண ஷூதான் போடுகிறார்கள். மரச்செருப்பு சில விவசாயிகள் காலிலும் சுற்றுலாக் கடைகளிலும் மிஞ்சியிருக்கிறது.

குமாரலிங்கபுரத்துப் பாட்டியிடம் அந்தப் படத்தைக் காட்டினால் இப்படித்தான் கேட்பார்:

“ஏய்யா, இதைப் போட்டா கருவேல முள்ளு ஏறாதுல்ல? எனக்கு ஒரு சோடி வாங்கியா.”

“மழை பேஞ்ச கரிசல்ல இதப் போட்டா, செருப்பு அங்கனயே நிக்கும் பாட்டி. நீ மட்டுந்தான் வீடு வந்து சேருவ!”

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் காட்டுக்கு லாரி டயரை அறுத்துத் தைத்த செருப்புதான் சரி. முள்ளுக்கும் அசையாது, வெயிலுக்கும் உருகாது. அந்தந்த மண்ணுக்கு அந்தந்தச் செருப்பு.

ஆனால் அந்த டயர் செருப்பைக்கூட, சில தெருக்கள் வந்தால் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய கொடுமை நம் தென்மாவட்டங்களில் இருந்தது. முள் எல்லார் காலிலும்தான் குத்தும். செருப்பு மட்டும் சாதி பார்த்தது. ஒல்லாந்துக்காரர் மரச்செருப்பு சிரிப்புக்குரியது என்றால், இதை என்னவென்று சொல்வது?

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முதன்முதலில் செருப்புப் போட்டது எந்த வயதில், எந்தத் தெருவில்? இன்றைக்கு ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.